மேல்கணக்கு 214

2025 ஜனவரி 2, வியாழக்கிழமை
காலை 9.47
எண்ணிக்கை: 1

அகீலா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. ஒன்று கிடைத்திருக்கிறது!

நீங்கள் வாட்ஸ்அப் குரூப்பை விட்டுப் போய்விட்டீர்கள். போன் கோலும் எடுக்கிறீர்கள் இல்லை. ஆகவே தாளில் எழுதி, செல்லப்பா அண்ணன் கண்டக்டராக வரும் ஹேவாஹெட்ட பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைமடுவத்தில் உங்கள் கையிலேயே தரும்படி சொல்லியிருக்கிறேன்.

ஒக்டோபரில் கலகெதர, நாவலப்பிட்டி, உங்கள் தேயிலைத் தோட்டம் என்று மூன்று முகாம் வைத்தோம். எலும்பு மச்சை கொடுக்க விரும்பும் 2,318 பேரின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். முடிவுகள் நேற்று முன்தினம் வந்தன. இன்று காலை அவற்றைக் காத்திருக்கும் ஏழு நோயாளிகளோடு ஒப்பிட்டேன். மூன்றாம் இலக்க நோயாளிக்கு முழுப் பொருத்தம். பத்துக்குப் பத்து! கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன்.

அடுத்த வரியில், அது யாருடைய மாதிரி என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன். பதில் வெறுமை.

விளங்கச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரே இலக்கம் உள்ள இரண்டு ஸ்டிக்கர் தந்தோம். முப்பத்திரண்டு எழுத்தும் இலக்கமும் கலந்தது, உலகத்தில் இன்னொன்று இராது. ஒன்று குச்சியைப் போட்ட குழாயில், மற்றது படிவத்தில். படிவத்தில் உள்ளது கம்ப்யூட்டருக்கு வெறும் எழுத்தாகத்தான் வரும். அதை உண்மையான தனி அடையாளமாக மாற்ற நான் கம்ப்யூட்டரைக் கேள்வி கேட்கும் மொழியில் ஒரு கட்டளை இருக்கிறது. பொருந்தாத எழுத்தைக் கொடுத்தால் அது சத்தம் போடாது, பிழை என்று சொல்லாது. வெறுமையைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

உங்கள் 412 படிவங்களிலும் ஸ்டிக்கர் இலக்கம் இல்லை. "மேல்கணக்கு 214", "கீழ்கணக்கு 87" என்று என்னென்னவோ இருக்கிறது. 412ம் வெறுமை. எத்தனை ஆட்கள் என்று கேட்டால் 1,907 என்கிறது. 1,906 பேர், அதோடு ஒரு வெறுமை. உங்கள் 412 பேரும் கம்ப்யூட்டருக்கு ஒரே ஆள். அந்த ஆளுக்குள் எங்கோதான் நமக்கு வேண்டியவர் இருக்கிறார்.

குழாய்கள் ஒரே பெட்டியில் குலுங்கி வந்தன, ஒழுங்கை வைத்தும் கண்டுபிடிக்க ஏலாது. மறுபடி மாதிரி எடுத்தால் முடிவு வர மூன்று மாதம். நோயாளிக்கு டாக்டர் பத்மாதேவி கொடுத்திருக்கும் காலம் ஆறு கிழமை.

பொருந்திய இலக்கம் எனக்கு மனப்பாடம். உங்களுக்குச் சொல்ல டாக்டர் விடவில்லை. சொன்னால் எல்லோரும் அந்த ஒருவரின் வாசலில் போய் நிற்போம், அவருக்கு மறுக்க வழியிராது என்கிறார். ஆகவே 412ம் வேண்டும்.

கேள்வி ஒன்றுதான். இரண்டாவது ஸ்டிக்கர்கள் எங்கே? ஞாயிறுக்குள் வேண்டும்.

ருஷ்தி


2025 ஜனவரி 4
பிள்ளைமடுவம்

திரு. ருஷ்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் நேற்று மத்தியானம், தாய்மார் கொழுந்து பறிக்கப் போயிருக்க, பிள்ளைகளைத் தூங்க வைத்த நேரத்தில் கிடைத்தது. செல்லப்பா அண்ணன், "அந்தப் பொடியன் பஸ் வெளிக்கிட்ட பிறகும் பின்னால ஓடி வந்துச்சு" என்றார். தங்களை ஓட வைத்த விஷயம் பெரியதுதான். அதனால் பதில் எழுதுகிறேன்.

முதலில் என் பங்கு. ஒக்டோபர் 28ஆம் திகதி, அறுபத்தொரு பேர் இருக்கும் குரூப்பில் தாங்கள் எழுதியது எனக்கும் பாடம். "ஹேவாஹெட்ட அனுப்பியது முழுக்கக் குப்பை. அடுத்த முறை படித்த ஆட்களைப் போடுங்கள்." நான் உயர்தரம் படித்தவள், முன்பள்ளி டிப்ளோமா செய்தவள். முகாமில் என்னோடு படிவம் எழுதிய மூன்று பெண்பிள்ளைகளும் அப்படித்தான். அந்தக் குப்பைக்காகக் காலை ஏழு மணி முதல் நாங்கள் தண்ணீர் குடிக்கவும் எழும்பவில்லை.

இரண்டாவது, "மேல்கணக்கு 214" என்னென்னவோ இல்லை. மேல்கணக்கு என்பது எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவு. 214 எங்கள் வேலை நாளும் சம்பளமும் பதியும் செக்ரோல் புத்தகத்தில் ஓர் ஆளின் இலக்கம். அந்த இலக்கத்தில் வேறு ஆள் கிடையாது. ஒரே வரிசை வீடுகளில் நான்கு லெட்சுமி இருப்பார்கள், நான்கு பேருக்கும் நான்கு இலக்கம். தங்கள் முப்பத்திரண்டு எழுத்துக்கு முன்பே எங்களுக்குத் தனி அடையாளம் இருந்தது.

மூன்றாவது, ஸ்டிக்கர். அவை தொலையவில்லை, வீடுகளில் இருக்கின்றன. கன்னத்தைத் தடவி முடிந்ததும் ஒவ்வொருவரும் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு போனார்கள். "டாக்டரம்மா முன்னுக்கு நம்பர் போட்டுக் குடுத்த தாளுங்க. அத எப்படித் திருப்பிக் குடுக்கிறது?" என்றார்கள். குடியுரிமைத் தாள் இல்லாததால் எங்கள் ஆட்கள் எத்தனை வருஷம் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமல் இருந்தார்கள் என்பதைத் தாங்களும் பாடசாலையில் படித்திருப்பீர்கள். இங்கே நம்பர் போட்ட தாளை யாரும் கையை விட்டுக் கொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

நான்காவது. முகாம் அன்று பின்னேரமே தங்களுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். தாங்கள் முழுவதும் கேட்கவில்லை. "இப்ப டைம் இல்ல, எதையாவது போடுங்க, பிறகு பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எதையாவது போடவில்லை. எங்களுக்குத் தெரிந்ததில் பிழைக்காத இலக்கத்தைப் போட்டோம்.

இப்போது நான் போய்க் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். வேண்டுமானால் தாங்கள் வந்து கேளுங்கள். காலை ஆறரைக்குப் பெரட்டு. வேலைக்குப் போகுமுன் எல்லோரும் அந்தக் களத்தில்தான் கூடுவார்கள்.

இப்படிக்கு,
அ. அகீலா


2025 ஜனவரி 5, ஞாயிறு
மாலை 3.20

அகீலா,

போனைத் திறந்து பார்த்தேன். ஒக்டோபர் 26, மாலை 4.12. நீங்கள் எடுத்த கோல். பத்தொன்பது செக்கன். நீங்கள் சொன்னது சரி. நான் சொன்னதும் அப்படியேதான்.

இன்னொன்றும் இருக்கிறது, இது உங்களுக்குத் தெரியாது. 412 வெறுமை வருவதை ஒக்டோபரிலேயே பார்த்தேன். எச்சரிக்கை சிவப்பாக வந்துகொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல். வெறுமையாக உள்ளவற்றைக் காட்டாதே என்று ஒரு வரி எழுதினேன். சிவப்பு போய்விட்டது. உங்கள் ஆட்களும் போய்விட்டார்கள். அந்த வரி போன வியாழக்கிழமை வரை அங்கேயே இருந்தது.

குரூப்பில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். எப்படி என்று தெரியவில்லை. அதைப் பிறகு பார்ப்போம். (இந்தப் "பிறகு பார்ப்போம்" என் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். வெட்டி எழுதத் தாள் இல்லை, விட்டுவிடுகிறேன்.)

மூன்றாம் இலக்க நோயாளி என்னுடைய மூத்த சகோதரி, ராத்தா. ஜஹானா. வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு என்னைப் படிப்பித்தது அவதான். கலகெதரயில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தா. இரத்தப் புற்றுநோய். என்னுடைய மச்சை பொருந்தவில்லை, உம்மாவுடையதும் இல்லை. முதல் கடிதத்தில் இதை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பிச்சை கேட்பது போல இருக்கும் என்று நினைத்தேன்.

வார்டில் ராத்தாவுக்கு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "டேய், அந்தப் புள்ள செல்றது சரி. ஒனக்கு மெஷினோட பேச ஏலும், மனுஷரோட பேச ஏலாது. போ, போய்க் கேளு" என்கிறா.

நாளைக் காலை ஆறரைக்கு வருகிறேன். முதல் பஸ் பிந்தும் என்கிறார் செல்லப்பா அண்ணன். பைக்கில் வருகிறேன்.

ருஷ்தி


2025 ஜனவரி 8

ருஷ்திக்கு,

"அவர்களுக்கு" என்று எழுத வரவில்லை. நனைந்த ஜெக்கெட்டோடு, கன்னத்தில் சேறு அப்பிக்கொண்டு பெரட்டுக்களத்தில் நின்ற ஆளுக்கு எப்படி அதை எழுதுவது?

நீங்கள் கிளம்பிய பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முதல், நீங்கள் பேசியதை வெளியிலிருந்து பார்த்தவள் எழுதினால்தான் உங்களுக்கு விளங்கும். ஐந்து நிமிஷம் அடையாளம், மாற்றம், வெறுமை என்று பேசினீர்கள். கொழுந்துக் கூடையோடு முன்னால் நின்ற ஜெயராஜின் சம்சாரம் கேட்டது ஞாபகமா?

"தம்பி, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா அதத் திருத்துங்க. எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிவந்துபோய் நின்றீர்கள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கட ராத்தாவுக்குச் சுகமில்ல" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

"என்னா பேரு?"

"ஜஹானா."

"வயசு?"

"இருவத்தொம்பது."

"புள்ளக்குட்டி இருக்கா?"

"ஒரு மகள். மூணு வயசு. ஸஹ்ரா."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா கேடு? காலையில நேரத்துல என்னென்னமோ பேசிக்கிட்டு!"

அதைச் சொல்லிவிட்டு அவர்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். நீங்கள் என்னைப் பார்த்து "தர மாட்டாங்க" என்றீர்கள், பைக்கைத் திருப்பினீர்கள். மூன்று மணித்தியாலம் பொறுத்திருக்கலாம். பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த தாய்மார் ஒவ்வொருவராக இடுப்புப் பையிலிருந்து எடுத்துத் தந்தார்கள்! அடையாள அட்டை உறையோடு தந்தவர்கள் பாதிப் பேர். பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து வந்தவை உண்டு. சாமிப் படக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உரித்தது ஒன்று, குங்குமத்தோடு. அலுமாரிக் கதவில் ஒட்டியது வராமல், கதவின் பலகைச் சீவலோடு வந்தது. ஓர் ஆட்டின் கழுத்து மணியிலும் ஒன்று இருந்தது. அந்த ஆடு என்னைப் பிடிக்க விடவில்லை, உங்களைப் போல.

இன்று பின்னேரம் வரை 398. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் ஆளின் கணக்கும் இலக்கமும் எழுதியிருக்கிறேன். நாளைக் காலை செல்லப்பா அண்ணனிடம் கொடுக்கிறேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டில் வாங்கி டாக்டர் பத்மாதேவியின் கையில் கொடுக்க வேண்டும். டாக்டர் நேற்றுப் போனில் சொன்னார். கொடுப்பவர் யாரென்று நோயாளியின் வீட்டுக்குத் தெரியக் கூடாதாம். நீங்கள் நோயாளியின் வீடு.

உங்களுக்கு அந்த இலக்கம் பாடம். கொப்பியைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிப்பீர்கள். அதனால் கொப்பியைத் துணியில் சுற்றி நாலு பக்கமும் தைத்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம். உங்கள் நல்ல மனசை நம்புகிறேன். பொறுமையை நம்பவில்லை.

ஒரு நிபந்தனை. ஸ்டிக்கர்கள் திரும்பி வர வேண்டும். எல்லாருக்கும் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அகீலா

ஜஹானா அக்காவுக்கு: உங்கள் தம்பி நன்றாகத்தான் பேசினார், கடைசி மூன்று சொல்.


2025 ஜனவரி 10, வெள்ளி
பகல் 12.05
எண்ணிக்கை: 398

அகீலா,

நூல் முழுசாக இருந்தது. டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்.

நேற்று பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். பத்து நிமிஷ நடை. பொட்டலத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு போனேன். மூன்று தரம் நின்றேன். ஒரு தரம் தையலின் முடிச்சு எங்கே என்று விரலால் தடவியும் பார்த்தேன். எட்டு எழுத்தைப் பார்த்தால் போதும் எனக்கு. பிறகு "பொறுமையை நம்பவில்லை" என்ற உங்கள் வரி ஞாபகம் வந்தது, கோபமும் வந்தது, அந்தக் கோபத்திலேயே மிச்சத் தூரத்தை நடந்துவிட்டேன்.

டாக்டர் தையலைச் சத்திரசிகிச்சைக் கத்தரியால் வெட்டினார். "உந்தப் பிள்ளை என்னைவிட வடிவாத் தைக்குது" என்றார். பிறகு, "தம்பி, நீர் வெளியில நில்லும்." கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவருடைய உதவியாளர் அனீஸா ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார். நான் எழுதிக் கொடுத்த கட்டளையை டாக்டரே ஓட்டினார். என் கட்டளையை வேறொருவர் ஓட்ட, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தரம். ஒன்றே கால் மணித்தியாலம்!

398ம் மாறின. ஒன்றுகூடத் தவறவில்லை. ஆட்டின் மணியில் இருந்ததும் மாறியது. உங்கள் தோட்டத்தில் 398 பேர் ஒரே பின்னேரத்தில் ஆட்களாக எழுந்து வந்துவிட்டார்கள் அகீலா!

நமக்கு வேண்டிய இலக்கம் அதில் இல்லை.

இது கெட்ட செய்தி இல்லை. கணக்கைப் பாருங்கள். போன கிழமை 412இல் ஒருவர். இன்று பதினான்கில் ஒருவர். ஒருவர் இருக்கிறார் என்பது உறுதி, குழாய் பொய் சொல்லாது. ராத்தாவிடம் சொன்னேன். "பதினாலுக்கு ஒன்னு நல்ல நிகழ்தகவுடா, ஸ்கூல் புள்ளைகளுக்குக் கணக்கா குடுக்கலாம்" என்று சிரிக்கிறா. நேற்றிலிருந்து அவவுக்குக் காய்ச்சல். டாக்டர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஆறு கிழமை என்ற பேச்சை இப்போது எடுக்கிறார் இல்லை.

அந்தப் பதினாலு பேர் எங்கே? நான் வரட்டுமா?

ருஷ்தி


2025 ஜனவரி 15

ருஷ்திக்கு,

வர வேண்டாம். நீங்கள் வந்தால் ஆடும் ஓடும்.

பத்துப் பேர் முகாமுக்குப் பிறகு கொழும்பில் கடை வேலைக்குப் போனவர்கள். நேற்றுப் பொங்கல், பத்துப் பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய ஸ்டிக்கர் பர்ஸுக்குள்ளே பத்திரம். மூன்று பேர் ஸ்டிக்கரைப் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் ஒட்டி மறந்திருந்தார்கள். பொங்கல் பானையை இறக்குமுன் பதின்மூன்றும் என் கையில்.

கடைசி ஒருவரை எழுத யோசிக்கிறேன், எழுதாமலும் இருக்க முடியவில்லை. ஆணா பெண்ணா, எந்த வரிசை என்று சொல்ல மாட்டேன். அந்த ஒருவர் ஒரு கிழமையாக என்னைக் கண்டால் தேயிலைக்குள் இறங்கி வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார். நேற்றுப் பொங்கல் கொண்டுபோகிற சாட்டில் வீட்டுக்கே போய்ப் பிடித்தேன். அழாத குறை. ஸ்டிக்கர் உடுப்போடு சேர்ந்து சலவையில் போய்விட்டதாம். "டாக்டரம்மா குடுத்த தாள நாசம் பண்ணிட்டேங்க, என்னைய மட்டும் பேரு வெட்டிருவாங்களா?" என்று கேட்டார். அவ்வளவு நாளும் அந்தப் பயம். காய்ந்து சுருண்ட அந்தத் துண்டைக் குப்பையில் போடாமல் பஞ்சுக்குள் வைத்திருந்தார். கோடு கோடான பகுதி அழிந்துவிட்டது. எழுத்தில் முதல் எட்டுத் தெரிகிறது. பிறகு வெள்ளை.

உங்கள் கட்டளை இதை ஏற்காது என்று எனக்கே விளங்குகிறது. ஆனாலும் ஒட்டியிருக்கிறேன். தெரிகிற எட்டையும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். குப்பை என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டலம் சிறியது. தையல் அதேதான். பொங்கல் தனியாக வாழையிலையில் இருக்கிறது, அது உங்களுக்கும் ஜஹானா அக்காவின் மகளுக்கும். அதைத் திறக்கலாம்.

அகீலா


2025 ஜனவரி 17, வெள்ளி
காலை 11.31
எண்ணிக்கை: 1

அகீலா!

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து விளங்காவிட்டால் செல்லப்பா அண்ணனை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள்.

இன்று காலை கதவு சாத்தியிருந்தது. நான் பெஞ்சில். பத்தே நிமிஷத்தில் டாக்டரின் குரல் கேட்டது.

"தம்பி, பதின்மூண்டும் மாறிட்டுது. தேடுறது அதுக்குள்ள இல்லை. ஒண்டு வெறுமையா வருது. விடட்டோ?"

"விடாதீங்க டொக்டர்!"

இதே வெறுமைக்கு ஒக்டோபரில் நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை கட்டளையை மாற்றியிருந்தேன். மாற்றிய அடையாளத்துக்குப் பக்கத்தில், வந்த எழுத்தையும் வந்தபடியே வைத்திருந்தேன். "பக்கத்துப் பத்தியில என்ன ஈக்கிதோ, அத வாசிங்க" என்று கதவுக்கு இப்பாலிருந்து கத்தினேன்.

அவர் வாசித்தார். "ஏழு... சீ... ஒண்டு... ஈ..."

"நாலு, பீ, பூச்சியம், ஒம்பது!" என்றேன் நான்.



அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. மிச்ச இருபத்திநாலையும் சொல்லி முடித்தேன். உள்ளே டாக்டர் குழாயின் இலக்கத்தோடு விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாராம். கதவு திறந்தது. "ஓம் தம்பி. இருக்கு. நீர் கத்தினது வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். ஆள் ஆரெண்டு கேளாதையும்" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, அதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

எட்டு எழுத்து போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு விதத்தில் பார்த்தோம். 412 குழாய்களில் அந்த எட்டோடு தொடங்குவது ஒன்றே ஒன்று. அதுவும் போகட்டும். 411 குழாய்களுக்கு ஆள் கிடைத்தாயிற்று. மிஞ்சியது ஒரு குழாய், ஓர் ஆள்!

பேரை வெட்டவில்லை என்று அந்த ஒருவரிடம் சொல்லுங்கள். இப்போதே போய்ச் சொல்லுங்கள்.

ருஷ்தி

ஸஹ்ரா பொங்கலில் முந்திரி முழுவதையும் பொறுக்கிவிட்டு மிச்சத்தை எனக்குத் தந்தாள்.


2025 ஜனவரி 22

ருஷ்திக்கு,

டாக்டர் அன்று பின்னேரமே என்னை அழைத்தார். ஆள் யாரென்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. இப்படி இருப்பது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

அந்த வீட்டில் போய் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னேன். ஒரு நோயாளி, பொருத்தம், மறுபடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், பிறகுதான் மச்சை. வேண்டாம் என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். யாருடைய பேரையும் நான் சொல்லவில்லை. பெரட்டுக்களத்தில் நீங்கள் சொன்னதை அவர் கேட்டவர்தான். ஆனால் அவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஒரு நாளு யோசிச்சிட்டுச் சொல்றேங்க" என்றார்.

அந்த ஒரு நாளை உங்களுக்கு அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் பைக்கில் ஏறியிருப்பீர்கள். நான் மட்டும் அவதிப்பட்டுக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் பால் கரைக்கும்போது சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை அவரே மடுவத்துக்கு வந்தார். சரி என்றார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போற நாளையில பேரு விழுங்களா?"

உங்களுக்கு விளங்காது. ஒரு நாள் முழுதாக வேலை செய்தால் செக்ரோலில் நம் இலக்கத்துக்கு நேரே விழுகிற குறியைத்தான் நாங்கள் பேர் என்போம். போகாவிட்டால் அந்த நாளில் நாம் இல்லை. உயிர் கொடுக்கப் போகிற நாளில் தான் இல்லாமல் போய்விடக் கூடாதே என்பது அவருடைய யோசனை. பெரிய கிளாக்கரைப் பார்த்தேன். டாக்டரின் கடிதம் இருந்தால் பேர் போடலாமாம். யாருக்கான கடிதம் என்பது ஒபிசுக்குள்ளேயே இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

இரத்தம் நேற்று எடுத்தாயிற்று. பேரும் விழுந்தது.

அகீலா


2025 ஜனவரி 27, திங்கட்கிழமை
காலை 10.15
எண்ணிக்கை: 2,318

அகீலா,

ஒரே ஆளுடையது என்பதால் கொழும்பிலேயே பார்த்தார்கள், புது இரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. பத்துக்குப் பத்து! அதே ஆள், அதே குழாய், சந்தேகமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ராத்தாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அடுத்த திங்கள் அவவைத் தனி அறைக்கு மாற்றி ஆயத்தம் தொடங்குகிறார்கள். வெற்றிதான் என்று டாக்டர் சொல்லவில்லை. "துவங்கலாம்" என்று சொன்னார். இத்தனை கிழமைக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் நல்ல வினைச்சொல் அது. ராத்தா உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா. "பேரு விழுங்களா" என்ற இடத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டா. பிறகு, "டேய், அந்த ஆள் யாருன்னு நீ தேடினா ஒன்ட கைய முறிப்பேன்" என்றா. ஊசி குத்திய கையால் எப்படி முறிப்பா என்று கேட்டேன். மற்றக் கை இருக்கிறதாம்.

இன்று காலை மறுபடி எண்ணச் சொன்னேன். 1,907 இல்லை. 2,318. வெறுமை ஒன்றும் இல்லை. சும்மா அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். நான் சும்மா இருந்ததை ஒபிசில் யாரும் நம்பவில்லை.

இனிச் செய்யப்போவது:

1. வெறுமையை மறைக்கும் அந்த வரியை அழித்தாயிற்று. இனி எந்தக் கட்டளையிலும் அடையாளத்துக்குப் பக்கத்தில், ஆட்கள் எழுதிய எழுத்தும் எழுதியபடியே இருக்கும்.

2. படிவத்தில் செக்ரோல் இலக்கத்துக்கு ஒரு கட்டம். உங்களிடமும் முகாமில் படிவம் எழுதிய மூன்று பேரிடமும் கேட்டுத்தான் அமைப்பேன்.

3. இனி ஸ்டிக்கர் மூன்று. ஒன்று குழாய்க்கு, ஒன்று படிவத்துக்கு, ஒன்று வீட்டுக்குக் கொண்டுபோக.

4. அறுபத்தொரு பேர் இருக்கும் குரூப்பில், குப்பை என்று எழுதிய அதே இடத்தில், மன்னிப்போடு, பிழை விட்டது நான்தான் என்ற கதை முழுவதையும் எழுதுவேன். பிறகு இல்லை, இந்தக் கடிதத்தைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டு வந்த உடனே.

5. என் லெப்டொப்பில் குறித்து வைத்திருந்த அந்த முப்பத்திரண்டு எழுத்தை அழிப்பேன். தலையிலிருந்து அழிக்க ஏலாது. ஆனால் யாருக்கும் சொல்ல மாட்டேன், எதோடும் ஒப்பிட மாட்டேன்.

6. ஸ்டிக்கர் கொப்பி திரும்பி வரும். சலவையில் போனதற்கு அதே இலக்கத்தில் புதியது ஒன்று அனீஸா அச்சிட்டு, மடித்து, மூடித் தந்திருக்கிறார்.

7. கொப்பியைத் துணியில் சுற்றி நானே தைக்கிறேன். ஊசி இரண்டு தரம் குத்திவிட்டது, தையல் கோணல்மாணலாக இருக்கிறது, முடிச்சு எலுமிச்சங்காய் அளவு. நீங்கள் வெட்டிப் பார்க்கும்போது தெரியும், உள்ளே ஒரு பக்கமும் புரட்டப்படவில்லை.

ருஷ்தி